விருத்தசேதனம்: உடன்படிக்கை அடையாளத்துக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர்,

விருத்தசேதனம் என்பது ஆணுறுப்பின் முன்தோலை வெட்டி நீக்கும் சடங்கு. அச்சொல்லுக்கு மாற்றாக எதை வழங்கலாம் என்ற நம் கலந்துரையாடலில் முன்வைக்கப்பட்ட 'முன்தோல் நீக்கம்', 'சுற்றுவெட்டு' ஆகிய இரண்டும் செயலுக்கே பெயரிடுகின்றன. மருத்துவக் கட்டுரைக்கு முதலாவது போதும். பண்டைய இஸ்ரவேலின் சமய வரலாற்றை எழுதுபவருக்கோ, கடவுள் ஆபிரகாமோடும் அவர் சந்ததியோடும் செய்த உடன்படிக்கைக்கு அச்செயல் அடையாளமாக நின்றதே, அந்த அடையாளத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

செயல் இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதன்று. வேதாகமத்தில் (பைபிளில்) எரேமியா தீர்க்கதரிசி நூலின் 9ஆம் அதிகாரம் எகிப்து, யூதா, ஏதோம், அம்மோன், மோவாப் ஆகியவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி, விருத்தசேதனம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தண்டிக்கப்போவதாகச் சொல்கிறது. இச்சடங்கைக் காட்டுவதாகப் பெரும்பாலோர் கொள்ளும் புடைப்புச் சிற்பம் ஒன்று எகிப்தின் சக்காராவில், ஆறாம் அரசமரபுக் காலத்து அதிகாரியான அங்க்மாஹோரின் கல்லறையில் இருக்கிறது. அதில் நிற்பவர்கள் கைக்குழந்தைகள் அல்லர். அண்டை நாட்டவரில் பெலிஸ்தரைத்தான் வேதாகம நூல்கள் 'விருத்தசேதனமில்லாதவர்' என்று மீண்டும் மீண்டும் இகழ்கின்றன.

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 17ஆம் அதிகாரம் இப்பொது வழக்கத்தை எடுத்து வேறொன்றாக்குகிறது. அங்கே ஆபிரகாமுக்கு வயது 99, இஸ்மவேலுக்கு 13. ஆனால் இனிப் பிறக்கும் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாளில் செய்ய வேண்டும் என்பதே கட்டளை, பணம் கொடுத்து வாங்கிய அடிமைப் பிள்ளைக்கும் அப்படியே. பருவமடைதலோடும் திருமணத்தோடும் இருந்திருக்கக்கூடிய தொடர்பு இதனால் அறுகிறது. எதையும் தானாகத் தெரிந்தெடுக்க இயலாத சிசுவின் உடலில், சந்ததி பெருகும் என்ற வாக்குறுதி, அச்சந்ததி தோன்றும் உறுப்பிலேயே பதிக்கப்படுகிறது. இந்த அதிகாரத்தை ஆசாரிய மரபை (கோயில் குருக்கள் எழுதிய பகுதியை)ச் சேர்ந்ததென்றும், யூதர் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த சிறையிருப்பையோ அதை ஒட்டிய காலத்தையோ சேர்ந்ததென்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பாபிலோனியரிடம் இவ்வழக்கம் இல்லாததால், தாய்நாட்டில் அண்டை அயலாரோடு பொதுவாயிருந்த ஒன்று அங்கே தனித்துக் காட்டும் அடையாளமாயிற்று என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது ஏற்புடையதாகவே படுகிறது.

கலந்துரையாடலில் வந்த 'உடன்படிக்கை அறுப்பு' என்ற மற்றொரு பரிந்துரை எபிரேயத்துக்கு நெருக்கமானது. எபிரேயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவார்கள்'. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் விலங்குகள் துண்டிக்கப்பட்டே உடன்படிக்கை நிறைவேறுகிறது. விருத்தசேதனம் பெறாதவன் தன் ஜனத்தில் இராதபடி 'அறுப்புண்டுபோவான்' என்கிறது 17:14. ஆனால் தமிழில் அறுப்பது உறவை முடிப்பது. தாலியறுத்தல் என்ற வழக்கு இருக்கும் மொழியில் 'உடன்படிக்கை அறுப்பு' என்றால், உடன்படிக்கையை மீறியதாகத்தான் வாசகர் கொள்வார்.

ஆகவே 'உடன்படிக்கை உடற்குறி' என்பதை முன்மொழிகிறேன். "என் உடன்படிக்கை உங்கள் மாம்சத்தில்" என்ற 17:13இன் அழுத்தம் 'உடல்' என்பதில் கிடைத்துவிடும். நோவாவுக்கு வானவில்லும், சீனாய் மலையில் இஸ்ரவேலருக்கு ஓய்வுநாளும் இதே வகை அடையாளங்களாகக் கொடுக்கப்பட்டிருப்பதால், 'உடன்படிக்கைக் குறி' என்பதைப் பொதுச்சொல்லாகவும் உடற்குறியை அதன் ஒரு வகையாகவும் கொள்ளலாம். வானவில்லைக் கடவுளே பார்த்து நினைவுகூர்வார் என்று ஆதியாகமம் 9:16 சொல்வதையும், உடற்குறி ஆடைக்குள் மறைந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடையாளம் யாருக்காக என்ற கேள்வியையும் இந்தத் தொகுப்பு எழுப்பும். 'குறி' என்பது ஆணுறுப்பையும் சுட்டுமே என்பவர்களுக்கு: இந்த இடத்தில் அது இழுக்கில்லை, பொருத்தமே.

செயலுக்கு 'விருத்தசேதனம்' இருக்கட்டும். மோசே தன்னை 'விருத்தசேதனமில்லாத உதடுகளுள்ளவன்' என்கிறார். லேவியராகமம் 19:23 புதிதாக நட்ட மரத்தின் கனியை மூன்று ஆண்டுகள் விருத்தசேதனமில்லாததாகக் கருதச் சொல்கிறது. உபாகமம் 10:16 இருதயத்துக்கே அதைக் கேட்கிறது. உதட்டிலும் கனியிலும் இருதயத்திலும் 'முன்தோல் நீக்கம்' ஒட்டாது. வேதாகமத் தமிழில் ஊறிய பழைய சொல் ஒட்டுகிறது.

ஒரு குறை மட்டும் நிற்கிறது. பெண்கள் இந்தக் குறியில்லாமலே உடன்படிக்கை மக்களாக இருந்தார்கள். உடற்குறிக்கு வரையறை எழுதும்போது 'உறுப்பினராவதற்கான நிபந்தனை' என்று எழுதாமல், 'ஆண்களுக்கு விதிக்கப்பட்ட அடையாளம்' என்றே எழுத வேண்டும் என்பது என் கருத்து. மாற்று வரைவு வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள்.