மறு: ஹெட்டருக்குத் தமிழில் என்ன? ‘புகைவாங்கி’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஹெட்டருக்கு, அதாவது கார் இஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதிக்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழை விடவில்லை, பட்டறையிலும் வேலை குறைவு. அதனால் இன்று உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

> ஹெட்டருக்குத் ‘தலைக்குழல்’ போதும். இஞ்சின் தலையில் பூட்டுவதால் பொருளும் பொருந்துகிறது.

கோவை ஐயா, சொல் நன்றாக இருக்கிறது, நாக்கிலும் எளிதாக வருகிறது. ஆனால் இஞ்சின் தலையில், அதாவது சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் பகுதியில், இரண்டு பக்கமும் குழல் உண்டு. காற்று உள்ளே போகிற குழலும் அதே தலையில்தான் பூட்டியிருக்கிறது. ‘தலைக்குழலைக் கழற்று’ என்று சொன்னால் எந்தப் பக்கம் என்று பட்டறைப் பையன் திரும்பக் கேட்பான்.

> பாடநூலில் ‘வெளியேற்றுப் பன்முகக்குழாய்’ என்று இருக்கிறதே, அது போதாதா?

அக்கா, அது மேனிஃபோல்டுக்கான சொல். தொழிற்சாலையிலிருந்து பல கார்களில் அது வார்ப்பிரும்பாகவே வருகிறது: குட்டையான நாலு வாய், உடனே ஒரே வாயில் போய் முடியும். நாலு சிலிண்டரின் புகையும் அங்கே ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் போடுவதுதான் ஹெட்டர். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய், கூடியவரை ஒரே நீளத்தில் வளைத்து, தள்ளிப் போய்ச் சேரும்படி செய்திருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எதைக் கழற்றி எதைப் பூட்டினோம் என்று எழுதவே முடியாது.

எங்கள் ஊரில் ஹெட்டர் என்று யாரும் சொல்வதில்லை. தோட்டத்துப் பையன்களிலிருந்து ஈப்போவில் எக்ஸாஸ்ட் கடை வைத்திருப்பவர் வரை எல்லாருக்கும் அது ‘எக்ஸ்ட்ராக்டர்’தான். தமிழ்ச் சொல்லையும் இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஹெட்டர் என்பது பொருள் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. எக்ஸ்ட்ராக்டர் அது செய்யும் வேலையைச் சொல்கிறது. அந்த வேலை இழுப்பது.

வால்வு திறந்ததும் புகை ஒரே அடியாக, ஒரு துடிப்பாகக் குழாயில் ஓடுகிறது. குழாய்கள் கூடி அகலமாகும் இடத்தை அது தொட்டதும், அங்கிருந்து ஒரு தாழ்வழுத்த அலை சிலிண்டரை நோக்கித் திரும்பி வருகிறது. உள்வால்வும் வெளிவால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்குமே, சரியாக அந்த நேரத்தில் அலை வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய மிச்சப் புகையை இழுத்துவிடும், கூடவே புதுக் காற்றையும் உள்ளே கொண்டுவரும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு சுற்று முடிய 10 மில்லி நொடிதான் ஆகும். அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும் என்பதால்தான் குழாயின் நீளத்துக்கு இவ்வளவு கணக்கு. நீளம் கூடினால் இழுப்பு குறைந்த சுற்றில் கிடைக்கும், குறைந்தால் உயர்ந்த சுற்றில் கிடைக்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தம்பியின் புரோட்டான் சத்ரியா ஜிடிஐ காருக்கு ஒரு பட்டறையில் எக்ஸ்ட்ராக்டர் மாற்றினோம். தலையோடு பொருந்தும் தட்டை முகம் சரியாக உட்காரவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ‘டிக் டிக்’ என்று சத்தம், சூடானதும் நின்றுவிடும். பெட்ரோல் மட்டும் தண்ணீராய்ப் போனது. புகைதானே கசிகிறது, அதற்கு ஏன் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, வண்டி குளிராக இருக்கும்போதே ஓட விட்டு, கசிவுப் பக்கம் ஊதுபத்தியைக் காட்டினேன். அதன் புகை வெளியே தள்ளப்பட்டது, அடுத்த கணமே விரிசலுக்குள் போனது. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. அந்தக் குழாய் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது! அப்படிப் போன காற்று கீழே இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைத் தொட, ‘எரிபொருள் போதவில்லை’ என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு கூடுதலாக ஊற்றியது. முகத்தைச் சமப்படுத்தி, இடைவெளியை அடைக்கும் புது கேஸ்கட் போட்டதும் எல்லாம் சரியாயிற்று. அன்றிலிருந்து அதை வெறும் ‘வெளியேற்றி’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் பரிந்துரை: புகைவாங்கி.

காலில் முள் குத்தினால் எதை எடுக்கிறோம்? முள்வாங்கி. வாங்குதல் என்றால் இழுத்தல் என்பது நம்மிடம் பழைய பொருள். வில்லை வாங்கினான் என்கிறோம், கடல் உள்வாங்கியது என்கிறோம், படியேறினால் மூச்சு வாங்குகிறது. முள்ளை இழுத்து எடுப்பது முள்வாங்கி என்றால், சிலிண்டரிலிருந்து புகையை இழுத்து எடுப்பது புகைவாங்கி. வீட்டுக்கூரையில் இருக்கும் புகைபோக்கிக்கு நல்ல ஜோடியாகவும் அமைகிறது.

‘ஒலிவாங்கியில் வாங்குதல் என்றால் பெறுதல் அல்லவா’ என்று கேட்கலாம். அதுவும் இங்கே பொருந்தும். நாலு சிலிண்டரிலிருந்தும் பெற்றுக்கொள்வது அதுதானே. ‘புகை’ பற்றிய தடை இன்னும் வலுவானது. நல்ல பெட்ரோல் இஞ்சினில் கண்ணுக்குத் தெரியும் புகை வரக் கூடாது. நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது, கறுப்பாக வந்தால் பெட்ரோல் கூடுதல். நுட்பமாகப் பார்த்தால் ‘வளிவாங்கி’ சரி. ஆனால் வளிவாங்கி என்றால் காற்று உள்ளே போகும் பக்கத்தைத்தான் நினைக்கத் தோன்றும், கோவை ஐயாவின் சொல்லுக்கு வந்த அதே சிக்கல். புகையையே வைத்துக்கொள்வோம்.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். தனிக் குழாய்க்குக் ‘கால்’, கால்கள் சேரும் இடத்துக்குக் ‘கூடல்’. பிளஸ் ஆறு பேராக் ஆற்றில் சேர்வதுபோல, கூர்மையான கோணத்தில் சரிந்து சேர்ந்தால்தான் ஓட்டம் தடைபடாது. நாலு கால் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் ஃபோர் டூ ஒன் (4-2-1) வகையை ‘நாலிரண்டொன்று’ என்றும், நாலும் நேரே ஒன்றாகும் ஃபோர் ஒன் (4-1) வகையை ‘நாலொன்று’ என்றும் சொல்லலாம்.

சொற்கள் நிற்குமா என்று ஒரு வேலைக் குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

“தெருவில் ஓட்டும் காருக்கு நாலிரண்டொன்று புகைவாங்கி நல்லது, நடுச்சுற்றில் இழுவை கூடும். நாலொன்று உச்சச் சுற்றுக்கு. 1-3-4-2 வரிசையில் எரியும் இஞ்சினில் 1, 4 கால்களை ஒரு கூடலிலும், 2, 3 கால்களை இன்னொன்றிலும் சேர்க்க வேண்டும். வீட்டில் மாற்றுவதானால் முதல் நாள் இரவே பழைய ஸ்டட்களில் (தலையில் பதிந்திருக்கும் மரைக் கம்பிகளில்) துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடவும். அவசரப்பட்டால் ஸ்டட் தலைக்குள்ளேயே முறியும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாமல் ஸ்டாண்டு வைக்கவும். புது கேஸ்கட் போட்டு, நடுவிலிருந்து இரு ஓரமாகச் சிறிது சிறிதாக முடுக்கவும். சில தடவை சூடாகி ஆறிய பிறகு மறுபடி முடுக்கவும். கூடலை வெட்டி ஒட்டும் வேலை வந்தால் ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறைக்குப் போகவும்.”

படித்துக் காட்டியபோது எங்கள் பட்டறைப் பையனுக்கு ஒரு சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ‘கூடல்’ மட்டும் கொஞ்சம் யோசித்தான், பிறகு கையால் சரியான இடத்தைத் தொட்டான்.

சென்னைத் தம்பி சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். இங்கே 1987ஆம் ஆண்டின் வாகன இரைச்சல் விதிகள் இருக்கின்றன, சாலைப் போக்குவரத்து இலாகாவும் நிறுத்திப் பார்க்கும். சத்தத்தை அடக்குவது புகைவாங்கியின் வேலை இல்லை, அது பின்னால் இருக்கும் சைலன்சரின் வேலை. அதற்கு ‘ஒலிதணிப்பி’ ஏற்கெனவே பழக்கத்தில் இருப்பதால் நாம் தொட வேண்டாம்.

புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியை (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூட்டும் நேர்க்குழாய்க்கும் இழையில் பெயர் கேட்டிருந்தார்கள். தெருவில் ஓடும் காரில் அதைப் பூட்டச் சொல்லி நான் யாருக்கும் எழுத மாட்டேன். பெயர் மட்டும் தேவை என்றால் ‘நேர்க்கால்’ என்று வைக்கலாம்.

அக்கா, யாழ்ப்பாணத்துப் பட்டறைகளில் கூடலுக்கு வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள். மாற்றிக்கொள்ள நான் தயார்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து