தாத்தாவோட அஞ்சு மெடல் – குடும்பக் குழுவில்

கவிதா: பெரியப்பா, தாத்தாவோட பட்டாள மெடல் அஞ்சையும் பிரேம் போடப் போறோம். கறுத்துக் கிடக்கு. பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?

பெரியப்பா: தேய்ச்சிடாதேம்மா!! விளிம்பைப் பாரு. நம்பர், ரேங்க், பேர், யூனிட் எல்லாம் குத்தியிருக்கும். பாலிஷ்ங்கறது பொடி அரம் மாதிரி, முதல்ல அந்த எழுத்தைத்தான் தின்னும்.

பெரியப்பா: டார்ச்சை நேரா அடிக்காம, பக்கத்துல படுக்க வச்சு அடி. நிழல் விழுந்து எழுத்து எழும்பும். படிச்சு அனுப்பு.

கவிதா: ஒண்ணுல எஸ்பிஆர், இன்னொண்ணுல எல்/என்கேன்னு இருக்கு. தாத்தா ஹவில்தாராத்தானே வெளிய வந்தார்? வேற யாரோடதாவது கலந்திருக்குமோ?

பெரியப்பா: கலக்கல. மெடல்ல கடைசி ரேங்க் இருக்காது, அந்தந்த நேரத்து ரேங்க்தான் இருக்கும். எஸ்பிஆர்னா சாப்பர், அதாவது பட்டாளப் பொறியாளர் பிரிவுச் சிப்பாய். எல்/என்கேன்னா லான்ஸ் நாயக், அதுக்கு அடுத்த படி. ரேங்க்கை விடு, நம்பரைப் பாரு. ஹவில்தார் வரைக்கும் நம்பர் மாறாது. அதுக்கு மேல ஜேசிஓ, அதாவது ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் ஆனாத்தான் புது நம்பர்.

கவிதா: நம்பர் அஞ்சுலயும் ஒண்ணுதான் 🙏

முரளி: மெடல் எதுல வச்சிருந்தது கவிதா? போட்டோல பச்சையா பிசுபிசுன்னு தெரியுதே.

கவிதா: பிளாஸ்டிக் உறையில, ரப்பர் பேண்ட் போட்டு.

முரளி: ரெண்டுமே எதிரி. பிவிசி உறை நாளாக ஆக அமிலம் விடும், செம்பு கலந்த உலோகம் பச்சையா பூக்கும். ரப்பர்ல கந்தகம் இருக்கு, அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். உறையை இப்பவே எடுத்துடு. பச்சையை மரப் பல்குச்சி நுனியால மெல்லத் தட்டி விடு, ஊசி வேண்டாம். அப்புறம் காஞ்ச பருத்தித் துணியால ஒத்தி எடு. கறுப்பு அப்படியே இருக்கட்டும், அது அழுக்கு இல்ல.

அத்தை: ரிப்பனைத் துவைக்கலாமாடா முரளி?

முரளி: கூடவே கூடாது அத்தை. சாயம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்கிடும். மெல்லிய பிரஷ்ஷால தூசி தட்டினாப் போதும். பிரேம் மாட்டுற சுவர்ல வெயில் விழக் கூடாது. ரிப்பன் வெளுத்தா திரும்பாது. கண்ணாடியும் மெடலும் ஒட்டாம நடுவுல இடம் விடச் சொல்லு. பசை போட்டு ஒட்டறேன்னு பிரேம்காரர் சொன்னா மெடலைத் திரும்ப வாங்கிட்டு வந்துடு. நூலால கட்டணும்.

கவிதா: எந்த வரிசையில கட்டறது?

பெரியப்பா: பார்க்கிறவங்களுக்கு இடப்பக்கத்துல இருந்து: பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல், சைன்ய சேவா, சுதந்திர 25-ஆம் ஆண்டு மெடல், 9 வருஷ நீண்ட சேவை. சைன்ய சேவா ரிப்பன்ல ஒரு உலோகப் பட்டை இருக்கும். என்ன எழுதியிருக்கு?

கவிதா: ஹிமாலயா.

பெரியப்பா: அதைக் கழட்டிடாதே. எந்தப் பகுதியில இருந்தார்ங்கறதுக்கு சாட்சி அதுதான்.

கார்த்திக்: பலகையில "1971 போர் வீரர், சங்கிராம் விருது பெற்றவர்"னு போட்டுட்டேன். சரியா?

பெரியப்பா: சங்கிராம் வீரதீர விருது இல்லடா, முனைக்குப் போகாதவங்களுக்கும் உண்டு. கிழக்கு முனையில இருந்தார்னு சொல்றது பூர்வி ஸ்டார். மேற்குன்னா பச்சிமி ஸ்டார் வந்திருக்கும். "1971 டிசம்பர் போர், கிழக்கு முனை, மெட்ராஸ் சாப்பர்ஸ்"னு போடு. அப்பாவுக்கு அது போதும். மிகைப்படுத்தினா அவரே பலகையைத் திருப்பி வச்சிருப்பார் 😄

அத்தை: அப்பா அம்மாவுக்கு எழுதின இன்லேண்ட் லெட்டர் பதினொண்ணு இருக்கு. எல்லாத்துலயும் "99 ஏபிஓ"ன்னுதான். அது எந்த ஊர்?

பெரியப்பா: ஊர் இல்லம்மா, ஏபிஓன்னா ஆர்மி போஸ்ட் ஆபீஸ். முகாம் எங்கன்னு வெளிய தெரியக் கூடாதுன்னுதான் அந்த எண். 99னா கிழக்குப் பக்கம், 56 ஏபிஓன்னா மேற்கும் வடக்கும். அதை வச்சு ஊர் பேர் ஊகிச்சு எழுதிடாதீங்க.

முரளி: லெட்டரை லேமினேட் பண்ணாதீங்க அத்தை, சூடும் பசையும் உள்ள போயிட்டா பிரிக்கவே முடியாது. துருப்பிடிச்ச குண்டூசியை எடுத்துடுங்க. விரிச்சு 600 டிபிஐல ஸ்கேன், ரெண்டு பக்கமும், வெறும் பக்கம்னாலும். குழுவுல போட்டோவா அனுப்பினா சுருங்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க.

கார்த்திக்: ஸ்டூடியோ போட்டோ ஒண்ணு சந்தேகமா இருக்கு. தாத்தா மெடலை வலது மார்புல குத்தியிருக்கார்.

பெரியப்பா: அவர் தப்பாக் குத்த மாட்டார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருப்பாங்க. சட்டைப் பட்டன் பக்கத்தைப் பாரு.

கார்த்திக்: ஆமா, பட்டனும் மாறித்தான் இருக்கு! ஸ்கேன்ல திருப்பிட்டேன்.

முரளி: ஒரிஜினல் ஸ்கேனையும் வச்சுக்கோ. பிரிண்ட் பின்னாடி யார், எப்போன்னு மெதுவான முனையுள்ள பென்சில்ல ஓரமா எழுது. பால் பாயிண்ட் முன்பக்கம் தடம் விடும்.

கவிதா: தாத்தா பட்டாளத்தை விட்டு வந்தப்ப கொடுத்த டிஸ்சார்ஜ் புக் கிடைச்சிடுச்சு! டிரேட்: கார்பெண்டர். நடத்தைங்கற இடத்துல "எக்ஸம்ப்ளரி"ன்னு இருக்கு. தமிழ்ல எப்படிப் போட? "மிகச் சிறந்த"?

அத்தை: கார்பெண்டரைத் தச்சர்னு போடும்மா. பூஜை அலமாரி அவர் கையால செஞ்சதுதான்.

பெரியப்பா: "எக்ஸம்ப்ளரி"யை மட்டும் மாத்தாதே. புத்தகத்துல இருக்கறபடியே போடு.