சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு பெரிய ஏர்போர்ட்டில் இறங்கலாமா?

காற்றாடி:
லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாளே ஆன ஒருவர் செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தை எடுத்துக்கொண்டு, ஜெட்கள் வரிசையாக இறங்கும் ஏர்போர்ட்டுக்குத் தனியாகப் போகலாமா? தாராளமாகப் போகலாம் என்பேன். விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோல் டவர் இல்லாத இடத்தில் மற்றவர்கள் எங்கே பறக்கிறார்கள் என்று நாமே தேட வேண்டும், இங்கே ரேடாரில் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. ரேடியோவில் உளறிவிடுவோமோ என்றுதான் பாதிப் பேர் போவதில்லை.

பழம்பறவை:
உளறினால் திருப்பிக் கேட்பார்கள், அவ்வளவுதான். பிரச்சினை வேகம். ஜெட் 130, 140 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் இறங்க வரும், நீங்கள் 65-இல் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். உங்களால் பின்னால் வருபவர் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பக்கத்திலேயே சின்ன ஏர்ஃபீல்டு இருந்தால் அங்கே இறங்கிவிட்டுப் போங்களேன்.

காற்றாடி:
கடைசி மைல் வரை 100 நாட் வேகத்தில் வரலாமே சார், 172-க்கு அது ஒன்றும் பெரிதில்லை. ரன்வே நீளமாகத்தான் இருக்கிறது, கடைசியில் குறைத்துக்கொள்ளலாம்.

பழம்பறவை:
பழகியவருக்குச் சரி. புதியவர் வேகத்தைக் குறைக்காமல் தரையைத் தொட்டால் துள்ளும், அடுத்து மூக்குச் சக்கரம் அடிபடும். இன்னொன்று, 1986-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செரிடோஸ் மேலே ஒரு குட்டி பைப்பர் விமானமும் ஏரோமெக்சிகோ நிறுவனத்தின் டிசி-9 ஜெட்டும் மோதி 82 பேர் செத்தார்கள். மறக்காதீர்கள்.

காற்றாடி:
அந்த பைப்பர் யாரிடமும் பேசாமல், அனுமதியில்லாமல் உள்ளே வந்தது. அதன் டிரான்ஸ்பாண்டர், அதாவது ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி, உயரத்தைக்கூடச் சொல்லவில்லை. தரையிலிருந்து வழிநடத்தும் கன்ட்ரோலரோடு பேசிக்கொண்டு வர வேண்டும் என்பதற்குத்தானே அது உதாரணம்?

பழம்பறவை:
அப்படியென்றால் 1978 சான் டியேகோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே செஸ்னாவும் பேசிக்கொண்டுதான் இருந்தது, பிஎஸ்ஏ என்ற விமான நிறுவனத்தின் போயிங் 727 ஜெட்டும் பேசிக்கொண்டுதான் இருந்தது. செஸ்னா தெரிகிறது என்று சொன்ன ஜெட் விமானிகள் பிறகு அதைத் தவறவிட்டார்கள், தவறவிட்டதை டவருக்குத் தெளிவாகச் சொல்லவும் இல்லை. செஸ்னாவோ கொடுத்த திசையை விட்டு விலகியிருந்தது. இரண்டும் மோதி 144 பேர் செத்தார்கள்.

இறக்கைநுனி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அந்த 'தெரிகிறது' என்ற ஒரு சொல் நம் பக்கமும் ஆபத்துதான், இதைப் புதியவர்களுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. முன்னால் போகும் பெரிய ஜெட் தெரிகிறது, பின்தொடர்கிறேன் என்று ஒப்புக்கொண்டால், அது பின்னால் விட்டுச்செல்லும் சுழல்காற்றிலிருந்து தள்ளி நிற்கும் பொறுப்பும் பெரும்பாலும் நம் தலையில் வந்துவிடும். கன்ட்ரோலர் எச்சரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். அந்தச் சுழல் கீழ்நோக்கி இறங்கும், அதனால் ஜெட் வந்த பாதைக்கு மேலேயே வந்து, அது தரை தொட்ட இடத்தைத் தாண்டித் தொட வேண்டும். லேசான குறுக்குக் காற்று இருந்தால் இன்னும் மோசம், ஒரு சுழல் ரன்வே மேலேயே நின்றுவிடும். சந்தேகமா, 'முடியாது, இன்னும் இடைவெளி வேண்டும்' என்று சொல்லுங்கள். டவரில் இருப்பவர் கோபப்பட்டால் படட்டும்.

காற்றாடி:
ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை இன்ஸ்ட்ரக்டரோடு, கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் இதெல்லாம் பழகிவிடும்.

பழம்பறவை:
அப்போது அது 'தனியாக' இல்லையே! நான் மறுத்தது அதைத்தான்.