ஹட்டன் பக்கம் சைக்கிள் பிரேக் கட்டை எங்கே கிடைக்கும்?

அக்காமார், அண்ணாமாருக்கு வணக்கம். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவுக்குக் காசு சேர்க்க எங்கள் வீட்டுக்காரர் ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு சைக்கிளில் போய்த் திரும்பப் போகிறார். ஏற்றத்துக்குப் பயமில்லை, தள்ளிக்கொண்டாவது போய்விடுவார். 1,868 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதுதான் வயிற்றைக் கலக்குகிறது. மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. ரப்பர் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிகிறது. ஹட்டனிலோ கண்டியிலோ நல்ல கட்டை எந்தக் கடையில் வாங்கலாம்?

அப்புறம், விடியற்காலை கிளம்புகிறவருக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்? ரொட்டியும் சம்பலும் போதும் என்கிறார் மாமி. எனக்கென்னவோ அந்தக் காரம் சரிவராது.

அடுப்புக்கு மேலே கொடி கட்டியும் இவர் டீசேர்ட் காய்வதில்லை. யாரிடமாவது இரவலுக்கு மழைக்கோட் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.