மறு: பாஸோ கன்டினுவோவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> “பக்கவாத்தியம்” போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. பாஸோ கன்டினுவோ என்பது பழைய ஐரோப்பிய இசையில் பாட்டுக்கு அடியில் விடாமல் ஓடும் தாழ்ந்த சுர வரி; அதன் மேல் சேரும் சுரங்களை வாசிப்பவரே நிரப்பிக்கொள்வார். நாம் குறிப்பு எழுதப்போகும் ஒலித்தட்டில் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் பாடல்களும், ஹார்ப்சிகார்ட் (பியானோ போலக் கட்டைகளை அமுக்கி வாசிக்கும் பழைய தந்தி வாத்தியம்) தனி இசையும் மாறி மாறி வருகின்றன. தனி இசையில் இரண்டு கைக்கும் உரிய சுரங்களை அவரே எழுதிவிட்டார். பாடல்கள் அப்படி இல்லை. அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1698இல் வந்த ‘ஆர்ஃபியஸ் பிரிட்டானிகஸ்’ தொகுப்பைத் திறந்தால் பாடகருக்கு ஒரு வரி, கீழே பாஸ் வரி, பாஸ் சுரத்திலிருந்து எத்தனையாவது சுரம் மேலே சேர வேண்டும் என்று காட்ட அங்கங்கே 6, 7, 4-3 என்று சில எண்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். சி மேஜரில் பாஸ் சுரம் இ, அதற்கு 6 என்று போட்டிருந்தால் வலது கை அதிலிருந்து மூன்றாவதான ஜி (இது எழுதாமலே புரியும்), ஆறாவதான சி இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்த்து அமுக்குவதா, ஒவ்வொன்றாக உதிர்ப்பதா என்பதெல்லாம் வாசிப்பவர் பாடு.

அதோடு ஹார்ப்சிகார்டில் தந்தியை ஒரு சின்ன இறகு முள் சுண்டிவிடுகிறது, நாதம் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால்தான் பல பதிவுகளில் வயோலா ட காம்பாவோ செல்லோவோ அதே பாஸ் வரியை வில்லால் இழுத்துக்கொண்டு கூடவே வருகிறது. நம் கச்சேரி வயலின் பாடகரைப் பின்தொடரும். இது கீழிருந்து பாட்டைத் தாங்குகிறது.

> அப்படியானால் “ஆதார சுருதி”?

சுருதி நகராது, இது நகர்ந்துகொண்டே இருக்கும். படிப்பவருக்கு உடனே தம்புராதான் நினைவுக்கு வரும்.

“தொடர்மெலிவு” என்று ஒருவர் சொன்னது கீழ், நடு, மேல் ஸ்தாயிகளை மெலிவு, சமன், வலிவு என்று சொன்ன பழைய வழக்கின்படி சரிதான், எனக்கும் அதன் மேல் ஆசைதான். ஆனால் இன்றைய வாசகர் யாரோ உடம்பு இளைத்துவிட்டார் என்றல்லவா நினைப்பார்! மந்தர ஸ்தாயி எல்லோருக்கும் தெரியும். ஆகவே என் ஓட்டு “தொடர்மந்தரம்”. அந்த எண்கள் போட்ட வரிக்கு “எண்குறி மந்தரம்”. 1692இல் ‘ஈடிபஸ்’ நாடகத்துக்கு அவர் எழுதிய ‘மியூசிக் ஃபார் எ வைல்’ பாட்டில் ஒரே சிறு பாஸ் வரி திரும்பத் திரும்ப வருகிறதே, அது வேறு சமாச்சாரம், அதற்கு “சுழல்மந்தரம்” என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், தலைப்பில் “விசைப்பலகை இசை” வேண்டவே வேண்டாம், தட்டச்சுச் சத்தம்தான் காதில் விழுகிறது. ஹார்ப்சிகார்ட் என்றே போடுவோம்.