பிளஸ் டூ தொடங்க ஐந்து வாரம்: ஏற்காட்டில் இருந்தே படிக்க எது முதலில்?

மலையடி அக்கா:
வணக்கமுங்க. தம்பி ஜூனில் பிளஸ் டூ போகிறான். தமிழ் வழி, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். வீடு ஏற்காட்டுக்கும் மேலே, சிக்னல் சரியாகக் கிடைக்காது, வீடியோ வகுப்பு ஓடாது. சேலத்தில் ஒரு டியூஷனில் "மே மாசத்துக்குள்ள முதல் தொகுதி முழுசும் முடிச்சுடுவோம்" என்கிறார்கள். அதற்கு அவன் தினமும் இறங்கி ஏற வேண்டும். கணக்கில் தொகையிடல் (இன்டெக்ரேஷன்) வந்தாலே கை நின்றுவிடும், மற்றதில் ஒரு மாதிரி சமாளிப்பான். இன்ஜினியரிங் கட்-ஆஃப்தான் குறி. டியூஷனா, வீடா? வீட்டில் என்றால் எதில் தொடங்குவது?

கரும்பலகை:
தொகையிடலில் கை நிற்கிறது என்றால் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை இப்போதைக்கு மூடியே வையுங்கள். கோளாறு பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. பிளஸ் டூவில் 12 பாடம். அதில் 7 முதல் 10 வரை நான்கும் வகையிடல் (டிஃபரன்சியேஷன்), தொகையிடல் தெரிந்தவனுக்குத்தான் நகரும். 11ஆம் பாடமான நிகழ்தகவு பரவல்களிலும் பாதி அதுதான். முதல் தொகுதியை ஓட்டி முடிக்கும் வகுப்பு இந்த ஓட்டையை அடைக்காது. கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது.

முதல் இரண்டு நாள் பிளஸ் ஒன் முக்கோணவியல் சூத்திரங்கள். அடுத்த 12 நாள் அதே பிளஸ் ஒன் புத்தகத்தில் வகையிடல் வரும் 10ஆம் பாடமும், தொகையிடல் வரும் 11ஆம் பாடமும். ஒரு தாளில் இடப்பக்கம் சார்பு, வலப்பக்கம் அதன் வகைக்கெழு என்று அவன் கையாலேயே எழுதட்டும். அதே தாளை வலமிருந்து இடமாகப் படித்தால் தொகையிடல். குறி தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: கொசைனை வகையிட்டால் மைனஸ் சைன், சைனைத் தொகையிட்டால் மைனஸ் கொசைன். அடுத்து பிரதியிடல், பகுதிப் பின்னம், பகுதித் தொகையிடல், இதே வரிசையில், நாளுக்கு 15 கணக்கு. வந்த விடையை வகையிட்டால் கேள்வி திரும்பி வர வேண்டும். வாத்தியார் பக்கத்தில் இல்லாத வீட்டில் இதுவே திருத்திக் கொடுத்துவிடும்.

இது முடிந்த பிறகு பிளஸ் டூ முதல் பாடம், அணிகள். பயிற்சி 1.1இல் இருந்து 1.7 வரை. சேர்ப்பு அணி எழுதும்போது இணைக்காரணிகளை அடுக்கிவிட்டு நிரை நிரல் மாற்ற மறப்பார்கள். நிரைச் செயல்களில் என்ன செய்தோம் என்று ஓரத்தில் குறிக்காமல் போனால், எங்கே பிசகியது என்று தேடவே கால் மணி நேரம் போய்விடும். சமன்பாடுகளில் லாம்டா, மியூ என்ற இரண்டு எழுத்தின் மதிப்பைக் கேட்கும் ஐந்து மதிப்பெண் கணக்கில், கடைசி நிரை லாம்டா − 5, மியூ − 9 என்று முடிந்தால் மூன்று நிலையையும் எழுத வேண்டும்: லாம்டா 5 இல்லை என்றால் மியூ எதுவானாலும் ஒரே தீர்வு, லாம்டா 5, மியூ 9 இல்லை என்றால் தீர்வு கிடையாது, இரண்டும் பொருந்தினால் எண்ணற்ற தீர்வுகள். "மியூ எதுவானாலும்" என்பதைத்தான் விட்டுவிடுவார்கள்.

களைத்துப்போன நாளுக்கு 12ஆம் பாடம், தனிநிலைக் கணிதம். முந்தைய பாடம் எதுவும் தெரியாமலே மெய் அட்டவணை போடலாம்.

சோதனைக் குழாய்:
கணக்கைப் பற்றிச் சொன்னது சரிங்க. "மற்றதில் சமாளிப்பான்" என்பதுதான் இடிக்கிறது. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, மூன்றில் ஆறு, ஐந்தில் ஐந்து. 24ஆம், 33ஆம் கேள்விகள் இரண்டும் கட்டாய வினா, அங்கே கணக்கு வந்தால் தப்பிக்க வழியில்லை.

நிலைமின்னியல் ஒன்றை மட்டும் கோடையில் எடுங்கள். பள்ளி திறந்ததும் அதுதான் முதலில் ஓடும். மின் இருமுனையின் அச்சுக்கோட்டிலும் நடுவரைக்கோட்டிலும் மின்புலம், காஸ் விதியில் முடிவிலா நீளக் கம்பி, வான் டி கிராப் மின்னியற்றி. புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொன்றும் 12 நிமிடத்தில், பென்சில் படத்தோடு எழுத வேண்டும். படித்தால் எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும், எழுதும்போதுதான் வெக்டர் குறி விட்டுப்போனது தெரியும். அதனால் பிளஸ் ஒன் வெக்டரை ஒரு நாள் புரட்டிவிட்டு வரட்டும்.

வேதியியலில் எல்லாரும் உலோகவியலில் தொடங்குவார்கள். நான் கரிம வேதியியல் என்பேன், ஏனென்றால் அது இரண்டாம் தொகுதியின் பின்பாதியில் கிடந்து கடைசியில் அவசரத்தில் அடிபடும். பிளஸ் ஒன் பெயரிடும் முறையைத் திருப்பிவிட்டு 11, 12ஆம் பாடங்கள். வினையின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் நிபந்தனையில் மாட்டிக்கொள்வான். ஆல்ஃபா ஹைட்ரஜன் (ஆல்டிஹைடு தொகுதியை ஒட்டிய கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன்) உள்ள ஆல்டிஹைடு, நீர்த்த காரம்: ஆல்டால் குறுக்கம். ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாதது, அடர் காரம்: கன்னிசாரோ வினை. பென்சால்டிஹைடு இரண்டாவதில் சேரும். அமில குளோரைடை ஆல்டிஹைடாக்கும் ரோசன்மண்ட் ஒடுக்கத்தில் பேரியம் சல்பேட்டை எழுதாமல் விடுவார்கள். பல்லேடியத்தின் வேகத்தைக் குறைத்து, ஆல்டிஹைடோடு வினையை நிறுத்துவதே அதுதான்.

தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. மடக்கை (லாக்) அட்டவணையில் இப்போதே கை பழகட்டும். 2க்கு 0.3010, 3க்கு 0.4771 என்ற இரண்டும் மனதில் இருந்தால் அமில கார மதிப்பு (pH) கணக்குகள் பாதி முடிந்த மாதிரி.

ஒண்டிக்கடை:
டியூஷனுக்குத் தினமும் போவது வேண்டாம் அம்மணி. 20 கொண்டை ஊசி வளைவு, காத்திருப்போடு சேர்த்தால் போக வர மூன்று மணி நேரமாவது போகும். வளைவில் புத்தகம் விரித்தால் குமட்டும். மே மாதம் கோடை விழா நெரிசல் வேறு. வாரம் ஒரு நாள், செவ்வாயோ புதனோ, முதல் பேருந்தில் இறங்கட்டும். சந்தேகத்தை ஒரு நோட்டில் பாடம், பக்கம், எந்த வரியில் நின்றான் என்று எழுதி எடுத்துப்போனால் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். "இந்தக் கணக்கே புரியலை" என்று போனால் அவர்கள் முதலில் இருந்து நடத்துவார்கள், நேரம் அதிலேயே போய்விடும்.

அன்றைக்கே சேலத்தில் பாடநூல்களைப் பிடிஎஃப்பாக போனில் இறக்கிக்கொள்ளட்டும், அரசே இலவசமாகப் போட்டிருக்கிறது. சீனியரிடம் பழைய புத்தகம் வாங்கினால் 2019இலோ அதற்குப் பிறகோ அச்சானதா என்று பாருங்கள், அதற்கு முந்தையது வேறு பாடத்திட்டம்.

கரும்பலகை நாளுக்கு 15 கணக்கு என்றார். இயற்பியலையும் வேதியியலையும் சேர்த்தால் அது தாங்காது, 10 போதும். மொத்தம் நாலரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். மலையில் மே மாதம் மதியத்துக்கு மேல் இடி மழை வந்தால் கரண்டும் போகும், அதனால் கணக்கை விடியற்காலையில் முடித்துவிடுவது நல்லது.

கரும்பலகை:
10 என்றால் 10, ஆனால் தொகையிடல் வாரத்தில் மட்டும் 15ஐக் குறைக்காதீர்கள். வேண்டுமானால் அந்த வாரம் வேதியியலை நிறுத்துங்கள்.

மலையடி அக்கா:
எல்லாருக்கும் நன்றிங்க. பழைய வினாத்தாள் இப்போதே போடலாமா? ஒரு மதிப்பெண்ணுக்குத் தனியாகக் கைடு வாங்கணுமா?

ஒண்டிக்கடை:
முழுத் தாள் இப்போது வேண்டாம், முடித்த பாடத்தில் வந்த கேள்விகளை மட்டும் பொறுக்கிப் போடலாம். 2020 மார்ச், பிறகு 2023இல் இருந்து வந்தவை. 2021இல் பள்ளி மாணவர்களுக்கான பொதுத் தேர்வு ரத்தாகிவிட்டது. 2022 தாள் குறைத்த பாடத்திட்டத்துக்கானது, அதை வைத்து எந்தப் பாடம் முக்கியம் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். துணைத் தேர்வுத் தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை:
கைடு வேண்டாம், புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளே முதலில். போடும்போதே தேர்ந்தெடுத்த விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதப் பழகட்டும். தேர்வில் இரண்டையும் எழுதச் சொல்லித்தான் கேட்பார்கள். கணக்கில் ஒரு மதிப்பெண் கேள்வி 20க்கும் சேர்த்து 25 நிமிடத்துக்கு மேல் போனால் பின்னால் ஐந்து மதிப்பெண் ஒன்று கைவிட்டுப் போகும், கடிகாரத்தை வைத்துக்கொண்டே போடட்டும்.