டைனோசர் பொம்மை: கடையில் எதைப் பார்த்து எடுப்பது?

மணல்தொட்டி கேட்டது:

ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான்கைந்து டைனோசர் உருவங்கள் வாங்க வேண்டும். பெயரெல்லாம் பிள்ளைக்கு அத்துப்படி, படத்தைப் பார்த்து விரல் எண்ணுகிற வயது. அதனால் உருவம் சரியாக இருக்க வேண்டும். அதற்காக அலமாரியில் பூட்டி வைக்கிற சிற்பமும் வேண்டாம். மண்ணில் புதைக்கப்படும், தண்ணீரில் முங்கும், ஒன்றோடொன்று மோதும்.

கையில் எடுத்ததும் அசலுக்கு நெருக்கமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? இரண்டு கால் டைனோசர்கள் சில மாதத்தில் முகம் குப்புற விழ ஆரம்பிக்கின்றன என்கிறார்களே, ஏன்? 12 குட்டி உருவங்கள் உள்ள பாக்கெட் போதுமா, அதே காசுக்கு ஒன்றிரண்டு நல்லதாக எடுக்கலாமா?

---

கல்மரம் பதில்:

முகத்தை விடுங்கள், விரல்களைப் பாருங்கள். பொம்மையை விற்பதே முகம்தான் என்பதால் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அவசர வேலை விரலில்தான் வெளிப்படும்.

டி.ரெக்ஸுக்குக் கைக்கு இரண்டு விரல், அல்லோசாரஸுக்கு மூன்று. இரண்டுக்குமே உள்ளங்கைகள் கைதட்டப் போவதுபோல ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கினால் தவறு, அவற்றின் கை அப்படித் திரும்பாது. பாதத்தில் மூன்று விரல் தரையில் ஊன்றும். இன்னொன்று சிறியது, உள்பக்கமாகச் சற்று மேலே, தரை தொடாமல் இருக்கும். வெலாசிராப்டர் வகைக்கு அரிவாள் நகம் கொண்ட விரல் எப்போதும் தூக்கியே இருக்கும், நடப்பது மற்ற இரண்டு விரல்களில்.

நீள் கழுத்துக்காரர்களில்தான் அதிகம் ஏமாறுவோம். பிராக்கியோசாரஸின் முன்காலில் யானைக்கு இருப்பதுபோல வரிசையாக ஐந்து நகம் வைத்திருந்தால் அந்த உருவத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். முன்காலில் இருந்தது கட்டைவிரல் நகம் ஒன்றுதான், பின்காலில் மூன்று. அதோடு பிராக்கியோசாரஸுக்கு முன்கால் நீளம், டிப்ளோடோகஸுக்குப் பின்கால் நீளம். ஒரே உடலை அச்சடித்து இரண்டு பெயரில் விற்றால் இந்த இடத்தில் பிடிபடும். டிரைசெராடாப்ஸின் முன்காலில் ஐந்து விரல், குளம்பு மாதிரியான நகம் முதல் மூன்றில் மட்டும். ஸ்டெகோசாரஸின் முதுகுத் தகடுகள் ஜோடி ஜோடியாக நிற்காமல் இரண்டு வரிசையில் மாறி மாறி வர வேண்டும். வால் முட்கள் நான்கு, அவை வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நீள வேண்டும்.

அடுத்து, வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். நல்ல நிறுவனங்கள் பெயரையும் ஆண்டையும் அங்கேயோ தொடையின் உள்பக்கமோ பொறித்திருக்கும். அது பெரும்பாலும் சிற்பம் வடிக்கப்பட்ட ஆண்டு, உங்கள் கையில் இருக்கும் பொம்மை வார்த்த ஆண்டு அல்ல. ஸ்பைனோசாரஸ் வாங்கும்போது இது மிக உதவும். குட்டையான பின்கால்கள் பற்றிய ஆய்வு வந்தது 2014-இல், துடுப்பு மாதிரி அகன்ற வால் தெரியவந்தது 2020-இல். அதற்கு முந்தைய சிற்பம் என்றால் நீளக் கால்களில் நிற்கும், முதுகில் பாய்மரம் கட்டிய டி.ரெக்ஸ்தான் கிடைக்கும். வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பதிந்த மேடுகள் இருப்பது 2007-இல் வெளியானது. ஆகவே இறகில்லாத வெலாசிராப்டர் திரைப்படத்துக்குச் சொந்தம். டி.ரெக்ஸ் செதிலோடு இருந்தால் குறை சொல்ல வேண்டாம், அதன் தோல் பதிவுகளில் சிறு செதில்கள் இருக்கின்றன.

மண்டையோட்டின் ஓட்டைகள் தோல் வழியாகக் குழி குழியாகத் தெரிந்தால் அதுவும் பிழைதான். உயிருள்ள விலங்குக்கு அங்கே தசை இருக்கும்.

---

களிமண்கை பதில்:

விழுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

உண்மையான டி.ரெக்ஸ் நிமிர்ந்து நின்ற மிருகம் அல்ல. உடல் தரைக்கு இணையாக, இடுப்பை நடுவாக வைத்துத் தராசுபோல நின்றது. முன்னே கனத்த தலை, பின்னே அதைச் சமன் செய்யும் கனத்த வால். பொம்மையில் இந்த நிலையை அப்படியே கொண்டுவந்தால் முழு எடையும் இரண்டு மெல்லிய கணுக்கால்களில் இறங்குகிறது. பொருளோ மென்மையாக்கி சேர்த்த பி.வி.சி. வெயில் காலத்தில் அது தளர்ந்து, எடை இழுக்கும் பக்கம் மெதுவாகச் சாயும். கணுக்காலில் 2, 3 மில்லிமீட்டர் வளைந்தாலே எடை விழும் இடம் விரல் நுனியைத் தாண்டிவிடும். அப்புறம் குப்புறத்தான். சாத்திய காருக்குள் விட்டால் ஒரே பகலில் இது நடக்கும். வால் உள்ளீடற்றும் தலை கெட்டியாகவும் வார்க்கப்பட்டிருந்தால் புதிதாக இருக்கும்போதே தள்ளாடும், இரண்டையும் அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடையிலேயே சோதிக்க வழி உண்டு. 30 செ.மீ. நீளமான அட்டையில் உருவத்தை நிறுத்தி, ஒரு முனையை 5 செ.மீ. தூக்குங்கள், கிட்டத்தட்ட 10 டிகிரி சாய்வு வரும். தலை இறக்கத்தைப் பார்த்தபடி ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. இரண்டிலும் நின்றால் வீட்டில் பாயின்மேலும் நிற்கும்.

விழாமல் இருக்க நிறுவனங்கள் மூன்று வழி வைத்திருக்கின்றன: பாதத்தைப் பெரிதாக்குவது, வாலை மூன்றாவது காலாக ஊன்றுவது, அடியில் ஒரு தளம் கொடுப்பது. விளையாட்டுக்கு என்றால் பெரிய பாதத்தை நான் மன்னிப்பேன். வால் ஊன்றினால் முதுகு நிமிர்ந்து மொத்த உடலும் பழைய காலத்துக் கங்காரு நிலைக்குப் போய்விடும். தளம் பிள்ளைக்கு ஒத்துவராது, அதைக் கழற்றியதும் உருவம் படுத்துவிடும்.

என் யோசனை, முதலில் நான்கு கால்காரர்களை எடுங்கள். டிரைசெராடாப்ஸ், அங்கைலோசாரஸ், ஸ்டெகோசாரஸ் மூன்றும் சரியான நிலையிலேயே அசையாமல் நிற்கும், எவ்வளவு மோதினாலும் தாங்கும். ஊனுண்ணி ஒன்று போதும்.

---

கல்மரம் பதில்:

பெரிய பாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பாதம் தலையில் பாதி நீளத்துக்கு மேல் போனால் பிள்ளையின் கண்ணுக்கே உறுத்தும். வாய் திறந்து மூடும் தாடையும் அப்படித்தான்: பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் கன்னத்தில் ஒரு பிளவு தெரியும், மணல் புகுந்தால் கீல் இறுகும். மண்ணில் விளையாடுகிற பிள்ளைக்கு அசையாத தாடையே நல்லது.

---

நூல்கண்டு பதில்:

ஒருவரும் அளவைத் தொடவில்லையே. சேகரிப்பவர்கள் அதிகம் சொல்வது 1:40, அதாவது அசலில் நாற்பதில் ஒரு பங்கு. கார்னகி அருங்காட்சியகத்தோடு சேர்ந்து சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை வெளியிட்ட வரிசை இந்த அளவில் வந்ததுதான். கணக்கு எளிது: அசல் நீளத்தை மீட்டரில் எடுத்து 100-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். டி.ரெக்ஸ் 12 மீட்டர் என்றால் 30 செ.மீ., டிரைசெராடாப்ஸ் 8 மீட்டர் என்றால் 20. பக்கத்தில் நிறுத்தும் மனிதன் 4 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். வெலாசிராப்டர் வாலோடு சேர்த்தே 2 மீட்டர்தான், அதாவது 5 செ.மீ. பெட்டியில் போட்டிருக்கும் நீளத்தை நம்பாதீர்கள். மூக்கிலிருந்து முதுகு வழியாக வால் நுனிவரை ஒரு நூலை வைத்து அளந்தால்தான் வளைந்து நிற்கும் உருவத்தின் நிஜ நீளம் வரும்.

22 மீட்டர் பிராக்கியோசாரஸ் இந்தக் கணக்கில் 55 செ.மீ. ஆகும். கடையில் இருப்பது 30 செ.மீ. அளவில் இருந்தால் அது 1:70-க்கும் சிறியது, டி.ரெக்ஸ் பக்கத்தில் கன்றுக்குட்டியாகத் தெரியும். கன்று என்றே வைத்து விளையாடலாம், தவறில்லை.

காலத்தையும் கூட்டிப் பாருங்கள். டி.ரெக்ஸ், டிரைசெராடாப்ஸ், அங்கைலோசாரஸ் மூன்றும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் ஒரே நிலத்தில் வாழ்ந்தவை. அல்லோசாரஸ், ஸ்டெகோசாரஸ், பிராக்கியோசாரஸ் கூட்டம் அதற்கும் 8 கோடி ஆண்டு முந்தையது. ஏதாவது ஒரு கூட்டத்தை எடுத்தால் பிள்ளை மோதவிடும் சண்டை நிஜமாகவே நடந்திருக்கக்கூடிய சண்டையாக இருக்கும். களிமண்கை அண்ணா சொன்ன மூன்றில் ஸ்டெகோசாரஸ் இந்தக் கணக்கில் தனியாள்.

12 உருவப் பாக்கெட் வேண்டாம். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கும், பெயர் இருக்காது, நடுவில் டைமெட்ரோடானும் பல் வைத்த டெரனோடானும் வரும். முன்னது டைனோசர்களுக்கு மிக முந்தையது, பின்னதற்குப் பல்லே கிடையாது, இரண்டும் டைனோசர் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல டிரைசெராடாப்ஸ் ஒன்று எடுங்கள்.

---

மணல்தொட்டி கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. 6.6 கோடி ஆண்டுக் கூட்டத்தையே எடுக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். பெயின்ட் எவ்வளவு தாங்கும்? கால் வளைந்தால் வீட்டில் சரி செய்ய முடியுமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது.

---

களிமண்கை பதில்:

பெயின்ட் முதலில் போவது கொம்பு நுனி, பல், நகம், முதுகு விளிம்பு. ஈர வெள்ளைத் துணியால் வயிற்றில் பத்து முறை தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் வேண்டாம். அடிநிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருந்தால் மேல்பூச்சு தேய்ந்தாலும் அசிங்கமாகத் தெரியாது. வெள்ளைப் பிளாஸ்டிக்மேல் பூசியது என்றால் ஒவ்வொரு கீறலும் பளிச்சிடும். வார்னிஷ் அடிக்க நினைத்தால் தண்ணீரில் கரையும் மேட் அக்ரிலிக் மட்டும், தூரிகையால். ஸ்ப்ரே டப்பாவில் வருவது பல நேரம் மென்மையான பி.வி.சி. மேல் காயாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போதும், தின்னர் கூடவே கூடாது. உள்ளீடற்ற உருவத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீரில் போட விடாதீர்கள், உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

சின்னக் குழந்தைக்காகப் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். தொண்டையில் அடைக்கிற அளவு சிறியதா என்று பார்க்க, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைப் போட்டுப் பார்க்கும் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும், கழன்றுவரும் கொம்பு உட்பட, அந்தக் கைக்குப் போகக் கூடாது. கொம்பையும் வால் நுனியையும் உள்ளங்கையால் அமுக்குங்கள், மடங்கித் திரும்பி வர வேண்டும். விறைப்பாக நின்றால் உடையும்போது கூர் முனை வரும்.

கால் வளைந்தால், கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி மூன்று நிமிடம் ஆறவிட்டு, காலை மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் முக்குங்கள். பெரியவர்தான் செய்ய வேண்டும். இளகியதும் துணியால் பிடித்து நேராக்கி, இன்னும் ஒரு மயிரிழை பின்பக்கமாகவே வளைத்து, ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். நேராக மட்டும் நிறுத்தினால் சில வாரத்தில் பழைய வளைவுக்கே திரும்பும். அதன் பிறகு விளையாடாத நேரங்களில் நிற்க வைக்காமல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.